கரை காப்போர்

நுழையும்முன்

பொதுவான ஒன்றைப் பயன்படுத்துவோர் பலர். அதைப் பேணிக் காப்போர் சிலர். அச்சிலரிடம் மற்றவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் வினா, ஏரியும் குளமும் தோன்றிய காலத்திலேயே எழுந்தது. கணினியும் கைப்பேசியும் பெருகிய இக்காலத்தில் அவ்வினா புதிய வடிவில் நம்முன் நிற்கிறது. ஊதியம் பெறாமல் மென்பொருள் ஆக்கி உலகிற்கு அளிக்கும் தன்னார்வலர்களையும் அவர்களைக் குறைகூறும் பயனர்களையும் பற்றி ஆராய்கிறது இக்கட்டுரை.

பனமலை ஏரி

விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது பனமலை. அங்குள்ள சிறு குன்றின்மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் இம்மன்னனே. கோயிலைக் காண வருவோர் அதன் அழகையும் சுவரோவியத்தையும் வியந்து பேசுவர். குன்றின் அருகே விரிந்து கிடக்கும் ஏரியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும், அவ்வூர் மக்களுக்குச் சோறிட்டு வந்தது அவ்வேரியே.

பனமலை ஏரிக்கு நீர் கொணர வெட்டப்பட்டது நந்தன் கால்வாய். திருவண்ணாமலை மாவட்டத்தில், துரிஞ்சல் ஆற்றின் குறுக்கே உள்ள கீரனூர் அணைக்கட்டில் தொடங்கும் இக்கால்வாய், வழியிலுள்ள ஏரிகளுக்கு நீரூட்டிக் கடைசியாகப் பனமலை ஏரியை வந்தடைகிறது. அதாவது, பனமலை இக்கால்வாயின் கடைமடை. மேலே எங்கேனும் ஓரிடத்தில் கால்வாய் தூர்ந்து போனாலும், கரை உடைந்தாலும், முட்புதர் மண்டினாலும், பெய்த மழை கடைமடைக்கு வந்து சேராது. கடைமடை உழவருக்குக் கண்ணெதிரே தெரிவது வறண்ட ஏரி மட்டுமே. எந்த இடத்தில் அடைப்பு, அதை நீக்க வேண்டியவர் யார் என்பவை அவர் பார்வைக்கு எட்டாத் தொலைவில் உள்ளன.

இத்தகைய நீர்நிலைகளைத் தமிழகம் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரி நீரைப் பயன்படுத்தும் ஊரார் ஒன்றுகூடித் தூர் வாரினர், கரைக்கு மண் அணைத்தனர், மதகைச் செப்பனிட்டனர். சோழர் காலத்தில் ஊராட்சியின் ஓர் உறுப்பாக ஏரி வாரியம் இயங்கியதை, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வாரிய உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு 360 நாள்கள் பணியாற்றினர். ஒருவர்மீதே பொறுப்பு நெடுங்காலம் தங்கிவிடாதபடி அம்முறை அமைந்திருந்தது.

குடிமராமத்தில் குறைகளே இல்லை என்று கூறுவதற்கில்லை. உழைப்பின் சுமை எளியவர்மீதும் பயனின் பெரும்பகுதி நிலமுடையோர்மீதும் சென்று சேர்ந்த இடங்கள் உண்டு. 1858ஆம் ஆண்டில் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பதே, தானாக நடந்துவந்த பொதுப்பணி தளர்ந்து, அதற்குச் சட்டத்தின் கட்டாயம் தேவைப்பட்டது என்பதை உணர்த்தும். இருப்பினும், குடிமராமத்தின் அடிப்படைக் கருத்து தெளிவானது. நீரைப் பயன்கொள்பவன் கரையைக் காக்கவும் கடமைப்பட்டவன் என்பதே அது. இக்கருத்து ஏரிக்கு மட்டும் உரியதன்று.

கண்ணுக்குத் தெரியாத ஏரி

பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பயிலும் மாணவர்கள், ஓப்பன் ஆபீஸ் ரைட்டர் என்னும் சொற்செயலியைக் கற்கின்றனர். அதற்கு அவர்களோ பள்ளியோ விலை கொடுப்பதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் லினக்சு என்னும் கருநிரல் இயங்குகிறது. வங்கிக்குப் பணம் செலுத்தும்போதும், தேர்வு முடிவை இணையத்தில் பார்க்கும்போதும், தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்யும்போதும், பெயர் தெரியாத எண்ணற்ற நிரல்கள் பின்னணியில் உழைக்கின்றன. அவற்றுள் பல, திறந்த மூல மென்பொருள்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை.

மென்பொருளை ஆக்கியவர் எழுதிய கட்டளைத் தொகுப்பே மூலநிரல். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் மூலநிரலை மறைத்து வைக்கும். திறந்த மூல மென்பொருளில் அது அனைவர் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. அம்மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அது இயங்கும் முறையை ஆராய்ந்து அறியலாம், பிறருக்குப் பகிரலாம், திருத்தி மேம்படுத்தி, அத்திருத்திய வடிவத்தையும் வெளியிடலாம். 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்து, இவ்வுரிமைகளை ஓர் இயக்கமாக வளர்த்தார். 1991இல் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த 21 வயதுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதத் தொடங்கிய லினக்சை உலகறியச் செய்தார். அவ்விரு முயற்சிகளும் இணைந்து பெருகியதன் பயனை இன்று உலகமே துய்க்கிறது.

தமிழுக்கும் இத்தகைய கொடையாளர்கள் வாய்த்துள்ளனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள், தத்தம் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர்களின் உழைப்பால் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. கணினியில் தமிழைத் தட்டச்சுச் செய்ய வழியின்றிப் பலர் தவித்த காலத்தில், ‘தமிழா!’ குழுவினர் இ-கலப்பை என்னும் மென்பொருளை ஆக்கி விலையின்றி வழங்கினர். அக்கலப்பையைக் கொண்டு எழுத்துழவு செய்தோர் மிகப் பலர். பனமலை அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, விழுப்புரம் குனு/லினக்சு பயனர் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் கட்டற்ற மென்பொருளை ஊர்ப்புற மாணவர்களுக்கு ஊதியமின்றிக் கற்பித்து வருகின்றனர்.

இவையெல்லாம் சேர்ந்து அமைந்ததே கண்ணுக்குத் தெரியாத பேரேரி. இதன் நீரை அருந்தாதவர் இன்று இல்லை எனலாம்.

தெரிந்து தெளிவோம்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் ‘இலவசம்’ என்றும் ‘விடுதலை’ என்றும் இருபொருள் தரும். இதனால் எழும் குழப்பம் தமிழில் இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் தொடர், அது விலையைக் குறித்ததன்று, உரிமையைக் குறித்தது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறது.

கொடையும் கட்டளையும்

ஏரியைப் பயன்படுத்துவோர் அனைவரும் கரையைக் காக்க வருவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரையில் நின்று மண் சுமப்பவனை ஏசுவது பொறுக்கத் தக்கதன்று. திறந்த மூல மென்பொருள் உலகில் இது நாள்தோறும் நிகழ்கிறது.

பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு, இரவில் குடும்பத்தார் உறங்கியபின் கணினி முன் அமரும் ஒரு நிரலரை எண்ணிப் பார்க்கலாம். அவர் ஆக்கிய மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் எழுதிய மடல் அவருக்காகக் காத்திருக்கிறது. “மூன்று நாள்களாகியும் பிழை திருத்தப்படவில்லை. இதற்குப் பொறுப்பு யார்? முடியாவிட்டால் ஏன் வெளியிட்டீர்கள்?” என்று அம்மடல் வினவுகிறது. நன்றி என்னும் சொல் அதில் இல்லை. பிழை எங்கே நேர்ந்தது என்னும் விவரமும் இல்லை. கடையில் வாங்கிய பொருளைத் திருப்பித் தர வந்தவரின் குரல் மட்டுமே அதில் ஒலிக்கிறது. எழுதியவருக்கு அது ஒரே ஒரு மடல். பெறுபவருக்கோ அது நூற்றில் ஒன்று.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் என்பவர் 1998ஆம் ஆண்டு முதல் ‘கர்ல்’ என்னும் மென்பொருளைப் பேணி வருகிறார். இணையத்தின் வழியே தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வது அதன் பணி. கைப்பேசி, தொலைக்காட்சி, மகிழுந்து எனப் பல கோடிக் கருவிகளில் அது இடம்பெற்றுள்ளது. அதன் உரிம வாசகத்தில் அவருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். தம் மகிழுந்தின் வழிகாட்டித் திரை பழுதடைந்தால், அத்திரையில் தென்படும் அப்பெயரைக் கண்டு அவருக்கே முறையிட்டு எழுதுவோர் உண்டு. மகிழுந்தைச் செய்த நிறுவனம் எங்கோ இருக்க, அதன் உள்ளே பயன்பட்ட ஒரு சிறு நிரலைக் கொடையாக அளித்தவர் வசை பெறுகிறார். 2021இல் அவருக்குக் கொலை மிரட்டலே வந்தது. கேட்போர்க்கு நகைப்பூட்டத் தொடங்கும் செய்தி இவ்வாறு அச்சத்தில் முடிகிறது.

திறந்த மூல மென்பொருளின் உரிமங்கள் பெரும்பாலும் ஒரு செய்தியை வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. இம்மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது. இதற்கு எவ்வகை உத்தரவாதமும் இல்லை என்பதே அச்செய்தி. விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு விற்றவர் பொறுப்பேற்க வேண்டும். வணிகத்தின் அறம் அது. இங்கே விற்பனையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒருவர் தமக்காகச் செய்துகொண்டதைப் பிறருக்கும் பயன்படட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார். அதைப் பெற்றுக்கொள்பவர் வாடிக்கையாளர் ஆகிவிடுவதில்லை.

கடைமடை வறண்ட கதைகள்

இதனால் விளையும் தீங்கு, ஒரு நிரலரின் மனவருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. கால்வாயின் தலைப்பில் நேரும் உடைப்பு கடைமடையை வறளச் செய்வதுபோல, ஒரு மென்பொருளின் சீர்கேடு அதை நம்பியுள்ள அனைத்தையும் தாக்கும். அண்மைக் காலத்து நிகழ்வுகள் இரண்டு இதை மெய்ப்பிக்கின்றன.

இணையத்தில் அனுப்பும் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் பிறர் கண்ணில் படாதவாறு மறையாக்கம் செய்யும் மென்பொருள்களுள் ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். உலகின் பெருநிறுவனங்கள் பலவும் அதனை நம்பியிருந்தன. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அதில் ‘ஹார்ட்பிளீடு’ என்னும் பெரும்பிழை இருப்பது தெரியவந்தது. இரண்டாண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் இருந்த அப்பிழை, காக்க வேண்டிய மறைச்செய்திகளைக் கசியவிடக் கூடியது. உலகமே பதறிய பிறகுதான் அம்மென்பொருளைப் பேணியவர்களின் நிலை வெளிப்பட்டது. அத்திட்டத்திற்கு நன்கொடையாகக் கிடைத்துவந்த தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே. முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவரே. உலக வணிகத்தின் பூட்டினைச் சிலர் தம் ஓய்வு நேரத்தில் காத்து வந்தனர். பூட்டு பழுதான நாள்வரை அவர்களை எவரும் நினைக்கவில்லை.

இரண்டாம் நிகழ்வு குறைகூறலின் கேட்டை இன்னும் நேராகக் காட்டும். தரவைச் சுருக்கிச் சேமிக்க உதவும் எக்ஸ்.இசட். என்னும் மென்பொருளைப் பின்லாந்தின் லாஸ் கொலின் என்பவர் பல்லாண்டுகள் பேணி வந்தார். லினக்சு இயங்கும் சேவையகங்களில் அது பரவலாக இடம்பெற்றிருந்தது. 2022ஆம் ஆண்டில் சிலர் அவரை நெருக்கத் தொடங்கினர். திருத்தங்கள் தாமதமாவதாகக் குறைகூறினர். பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிடும்படி வற்புறுத்தினர். தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணி என்பதையும் கொலின் பொறுமையோடு விளக்கினார். அதன் பின்னரும் நெருக்குதல் தொடர்ந்தது. அந்நிலையில், ஜியா டான் என்னும் பெயரில் உதவி வந்த ஒருவரிடம் அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்.

உதவ வந்தவர்போல் தோன்றிய அவர், 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்மென்பொருளுக்குள் ஒரு கள்ள வழியை ஒளித்து வைத்தார். உலகெங்கும் உள்ள சேவையகங்களுக்குள் தொலைவிலிருந்தே நுழைய அது வழிசெய்யக் கூடியது. ஆண்ட்ரெஸ் பிராயுண்டு என்னும் பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்றவர் அக்கள்ள வழியைக் கண்டறிந்து, மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். பரவலாக நிறுவப்படும் முன்பே பேரழிவு தடுக்கப்பட்டது. அன்று கொலினை வசைபாடி நெருக்கிய பெயர்களும் அச்சூழ்ச்சியின் பகுதியே என்று ஆய்ந்தோர் பலர் கருதுகின்றனர்.

இங்குச் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சூழ்ச்சிக்காரர்கள் எவ்வாறு தம்மை மறைத்துக்கொண்டனர்? அவர்கள் புதிய வேடம் எதையும் புனையவில்லை. பொறுமையற்ற பயனரின் குரலை மட்டும் ஏற்றனர். அக்குரல் அவ்வுலகில் அத்துணை வழக்கமாகிவிட்டதால் எவருக்கும் ஐயம் எழவில்லை. தன்னார்வலரை ஏசுவது இயல்பாகிப் போன இடத்தில், ஏச்சே திருடனுக்குத் திரையாகிவிட்டது.

பல்லைப் பார்க்கலாமா?

இவ்வாறு கூறும்போது, ‘அப்படியானால் குறையே சொல்லக் கூடாதா?’ என்னும் வினா எழும். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது தமிழர் பழமொழி. கொடையைக் குறைகூறுவது பண்பன்று என்பது அதன் கருத்து. ஆனால், மென்பொருளைப் பொறுத்தவரை இப்பழமொழியை அப்படியே ஏற்க இயலாது. இம்மாட்டின் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். ஏனெனில், இது ஒருவர் ஒருவருக்கு அளித்த மாடு அன்று. ஊர் முழுவதும் உழுவதற்கு விடப்பட்ட மாடு. அதன் நோய் ஒருவருக்குத் தெரிந்தும் அவர் மறைத்தால் கேடு ஊருக்கே. பிராயுண்டு பல்லைப் பார்த்ததால்தான் உலகம் பிழைத்தது.

மேலும், எல்லாக் குறைகூறலையும் நன்றிகெட்ட செயலென ஒதுக்குவது தன்னார்வலர் பக்கத்துத் தவறாகும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு கணினியை இயக்கும் பார்வைக் குறையுடைய மாணவர் ஒருவர், புதிய பதிப்பில் பொத்தான்களின் பெயர் கேட்கவில்லை என்று முறையிட்டால், அது ஆணவம் ஆகாது. அவருக்கு அது கல்வி வாயிலே அடைபடுவதாகும். “நிரல் திறந்துதானே இருக்கிறது, நீரே திருத்திக்கொள்ளும்” என்று அவரிடம் விடை கூறுவது முறையாகுமா? நிரல் எழுதத் தெரியாதவரும் அப்பொதுவெளியின் குடிமக்களே. மண் சுமக்க இயலாதவருக்கும் ஏரி நீரில் பங்கு உண்டு.

பலரைத் தம் மென்பொருளை நம்பச் செய்தவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இனித் தம்மால் இயலாதெனில், அதை வெளிப்படையாக அறிவித்துவிடுவதே அது. கரை பலவீனமாக உள்ளது என்று கூறிவிட்டால் ஊர் விழித்துக்கொள்ளும். வாளாவிருந்தால் வெள்ளம் வந்தபின்பே தெரியும். இவ்வளவே அவரிடம் எதிர்பார்க்கத் தகுந்தது. அவருடைய இரவுகளையும் உடல்நலத்தையும் எவரும் உரிமையாகக் கோர முடியாது.

ஆகவே, குறை சொல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு. ஆணையிடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆணையிட விரும்பாது, உடன்படவும் இயலாது நிற்போருக்குத் திறந்த மூல உலகம் மூன்றாம் வழியொன்றையும் வைத்துள்ளது. மூலநிரலைப் படியெடுத்துத் தனிக் கிளையாக வளர்ப்பதே அவ்வழி. ஓப்பன் ஆபீஸ் நடத்தப்பட்ட முறையில் நிறைவுறாத பங்களிப்பாளர்கள் 2010இல் பிரிந்து சென்று லிப்ரே ஆபீஸைத் தோற்றுவித்தனர். கருத்து மாறுபாட்டை ஏச்சால் அன்றி உழைப்பால் வெளிப்படுத்திய செயல் அது.

குறையை எவ்வாறு கூறுவது?

குறையைக் கூறும் முறையிலேயே அதன் பயன் அடங்கியுள்ளது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தும் இருவர் ஒரே பிழையைக் காண்பதாகக் கொள்வோம். ஒருவர், “உங்கள் மென்பொருள் எதற்கும் பயனில்லை; தமிழே சரியாக வரவில்லை” என்று எழுதுகிறார். மற்றவர், “இந்தப் பதிப்பை இந்த இயங்குதளத்தில் நிறுவியுள்ளேன். ‘கொ’ என்னும் எழுத்தைத் தட்டும்போது ஒற்றைக்கொம்பும் காலும் மெய்யைவிட்டுப் பிரிந்து நிற்கின்றன. ‘கெ’, ‘கா’ ஆகியவை சரியாக வருகின்றன. வேறோர் எழுத்துருவில் இச்சிக்கல் இல்லை. திரைப்படத்தை இணைத்துள்ளேன்” என்று எழுதுகிறார்.

முதல் மடலைப் படிக்கும் நிரலருக்கு வருத்தம் மட்டுமே மிஞ்சும். இரண்டாம் மடலைப் படிப்பவருக்கு வேலையின் பாதி முடிந்துவிடும். பிழை மென்பொருளில் இல்லை, எழுத்துருவில் இருக்கலாம் என்னும் குறிப்பே அதில் கிடைத்துவிடுகிறது. இரண்டாமவர் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. எனினும், அவரும் கரைக்கு ஒரு கூடை மண் சுமந்தவரே. முதலாமவர் பேசிய குறையும் உண்மையே. ஆனால், அவ்வுண்மை எவருக்கும் பயன்படவில்லை.

பெரும்பயன் கொள்வோர் கடமை

தனிப் பயனரிடம் பண்பை எதிர்பார்க்கும் அதே வேளையில், பெரும்பயன் கொள்வோரை மறந்துவிடலாகாது. ஏரியில் குடத்தில் முகந்து செல்பவரும் உண்டு. கால்வாய் வெட்டிப் பல வேலி நிலத்திற்கு நீர் பாய்ச்சுபவரும் உண்டு. இருவர் கடமையும் ஒன்றன்று. திறந்த மூல மென்பொருளைக் கொண்டு கோடிக்கணக்கில் பொருளீட்டும் நிறுவனங்கள், அதைப் பேணுவோருக்குப் பொருளும் ஆளும் அளிக்கக் கடமைப்பட்டவை. நள்ளிரவில் பதில் கேட்டு அவர்களை விரைவுபடுத்தும் உரிமை, பங்கு தராத நிறுவனத்திற்கு ஒருபோதும் இல்லை.

அரசுகளுக்கும் இது பொருந்தும். 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு, தன் அலுவல்களில் திறந்த மூல மென்பொருளைப் பின்பற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. பயன்படுத்தும் கொள்கை இருந்தால் போதாது. பேணும் கொள்கையும் வேண்டும். செருமனி நாடு 2022இல் தனி நிதி அமைப்பொன்றை ஏற்படுத்தி, பொதுப் பயன்பாட்டிலுள்ள இத்தகைய மென்பொருள்களைப் பேணுவோர்க்குப் பொருளுதவி செய்யத் தொடங்கியது. 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கி ஏரிகளைத் தூர்வார முன்வந்தது தமிழக அரசு. அக்கருத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஏரிக்கும் விரிவுபடுத்துவது தமிழருக்குப் புதிதாகத் தோன்றாது.

முடிவாக

வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும் செய்ந்நன்றியறிதல் என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். முன்னது கொடுப்பவரின் அறம். பின்னது பெறுபவரின் அறம். திறந்த மூல இயக்கம் முன்னதை உலகளாவ வளர்த்துவிட்டது. பின்னது இன்னும் வளர்ந்து வருகிறது. பெறுபவர் அறம் தளர்ந்தால் கொடுப்பவர் சோர்வர். ஒருவர் சோர்ந்து விலகும் நாளில், அவரை ஏசியவருக்கு மட்டுமன்றி, அவர் பெயரையே அறியாத கோடிக்கணக்கானவர்க்கும் நீர் நின்றுபோகும்.

இன்றைய மாணவர்கள் நாளைய பயனர்கள் மட்டுமல்லர். அவர்களுள் சிலர் நிரலர் ஆவர், சிலர் மொழிபெயர்ப்பர், சிலர் விக்கிப்பீடியாவில் தம் ஊரைப் பற்றி எழுதுவர், சிலர் ஒரு பிழையை முறையாகச் சுட்டிக்காட்டுவர். எதுவுமே இயலாதோர், பயன்பெற்ற ஒரு மென்பொருளை ஆக்கியவருக்கு இரண்டு வரி நன்றி எழுதலாம். ஏச்சு நிறைந்த அஞ்சற்பெட்டியில் அவ்விரு வரிகளின் மதிப்பு மிகப் பெரிது.

பனமலைக் குன்றின்மேல் உள்ள கோயிலைக் கட்டிய மன்னனின் பெயரை வரலாறு அறியும். ஏரிக்கரைக்கு ஆண்டுதோறும் மண் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. ஆனால், கரை நின்றது அவர்களால்.

கற்பவை கற்றபின்

1. நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் திறந்த மூல மென்பொருள்கள் எவை என ஆசிரியர் துணையுடன் கண்டறிக.
2. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றில் நீங்கள் கண்ட குறையை, அதனை ஆக்கியவருக்குப் பயன்படும் வகையில் மடலாக எழுதுக.
3. ‘குறை சொல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு, ஆணையிடும் உரிமை எவருக்கும் இல்லை’ – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.
4. உங்கள் ஊர் ஏரியையோ குளத்தையோ முற்காலத்தில் பேணிய முறையை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.